தெர்மாகோல் பிடித்தவர்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த மணப்பெண், தன் அக்காவின் கல்யாண ஆல்பத்தை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இதுல எங்கப்பா எங்க இருக்கார்னு கண்டுபிடிங்க பார்ப்போம்," என்றாள் என்னிடம்.

புரட்டினேன். என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு படத்தின் ஓரத்தில் நாற்காலி தூக்கிப் போகும் முழங்கை. இன்னொன்றில் ஏணிமேல் இரண்டு கால்கள். குடும்பத்தோடு மேடையில் நின்ற ஒரே படத்தில், கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் போல ஒருவர்.

"கேமராவைப் பார்த்தா இப்படி ஆயிடுவார். இல்லைன்னா ஓடிடுவார். கால்ல சக்கரம்," என்றாள். "கல்யாணம் முடிஞ்ச கையோட நான் வெளிநாடு போறேன். அங்க சுவத்துல மாட்ட நானும் அப்பாவும் இருக்கிற படம் ஒண்ணு வேணும். அப்பாவோட பாஸ்போர்ட் போட்டோ ஏற்கெனவே பர்ஸ்ல இருக்கு. அந்த முகம் வேண்டாம்."

"எடுத்துடலாம்," என்றேன்.

அவள் போனதும் கணவர் என்னைப் பார்த்தார். "என்ன மேடம், பட்டுனு வாக்கு குடுத்துட்டீங்க?" வேலை நேரத்தில் நாங்கள் சார், மேடம்தான். சண்டை போட வசதி.

"எடுக்கத் தெரியும், அதான் குடுத்தேன் சார்."

வெறும் வாய்ச்சொல் இல்லை. கல்யாணத்தில் அழகான முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதுதான் எங்கள் தொழில். அம்மா அழுவதற்கு முன் ஒரு தடவை எச்சில் விழுங்குவாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் வெடித்துச் சிரிப்பதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த நொடியில் கேமரா கண்ணில் இருந்தால் படம் தானாக மடியில் வந்து விழும்.

ஆனால் கல்யாணத்தன்று அந்த அப்பா என்னை நன்றாகவே அலைய விட்டார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் எந்த மின்விசிறி நின்றாலும் அதன் கீழே அவர் இருந்தார். ஒருவழியாக மேடைக்கு இழுத்து வந்தோம். விறைத்துப் போனார்.

"அப்பா, கொஞ்சம் சிரிங்க," என்றார் கணவர்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே தம்பி இருக்கேன். ஆச்சா?"

"எங்கண்ணன் சிரிச்சாலும் இப்படித்தான், அழுதாலும் இப்படித்தான்," என்றாள் மணப்பெண்ணின் அத்தை. "எது எதுன்னு அண்ணிக்கே தெரியாது."

பெரிய லென்ஸைப் போட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். இயந்திரத்துக்குள் சின்னச் சத்தம் எங்கே என்று கேட்டுப் பழகிய காது அது. முதல் க்ளிக்கிலேயே சட்டெனத் திரும்பிவிட்டார்.

மணமக்கள் மாலையில் கிளம்பிவிடுவார்கள். சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போன மணப்பெண் புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். பொறு என்று கையைக் காட்டினேன். கை மட்டும்தான் தைரியமாக இருந்தது.

மணப்பெண் அறையில் ஒரு பெரிய ஜன்னல். அவளை அதன் அருகே நிறுத்தினால் ஒரு கன்னம் மின்னும், மற்றது இருண்டு போகும். இருண்ட பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை வைத்தால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தை நிரப்பிவிடும். எங்கள் அட்டையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். படம் எடுக்க ஆரம்பித்த நேரம், கதவு திறந்தது. அப்பா.

"இந்தச் சேர் சும்மாதானே இருக்கு? சாப்பிடுற இடத்துல ஆளுங்க நிக்கிறாங்க."

மறுக்கக் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"தாராளமா எடுத்துக்கங்கப்பா. ஆனா சேரை எடுத்தா இந்த அட்டை விழுந்துடும். எங்ககிட்ட ஆள் இல்ல. கொஞ்ச நேரம் நீங்க பிடிச்சுக்கிறீங்களா?"

வேலை என்றதும் அவர் தோள்கள் தளர்ந்து இறங்கின. "எங்க நிக்கணும்?"

"அவளுக்கு எதிர்ல, ஜன்னலைப் பார்த்து. இடுப்புக்கிட்ட பிடிச்சு, லேசா மேல சாய்ச்சுக்கங்க."

இனி அவர் முகத்திலும் அதே ஜன்னல் வெளிச்சம். நான் சுவரோரம் போய் இருவரும் தெரிகிற இடத்தில் நின்றேன். "சார், பொண்ணை எடுங்க. விடாம எடுங்க."

கணவருக்கு அது போதும். அவர் கேமரா சடசடவென்று பொரிந்தது. என் க்ளிக் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது.

அவர் அட்டையை அசைத்தார். மகளின் கன்னத்தில் வெளிச்சம் ஏறி இறங்கியது. "அட, இதுலேர்ந்துதான் போகுதா?" மறுபடி அசைத்தார். பிறகு, சரியாக விழுகிறதா என்று சோதிக்க, அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். அன்று முழுக்க அவளை அவர் நின்று பார்த்தது அப்போதுதான்.

"கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கே. ராத்திரி தூங்கலையா?"

"நீங்க தூங்கினீங்களாப்பா?"

"எனக்கு வேலை இருந்துச்சு."

"என்ன வேலை? ராத்திரி ரெண்டு மூணு தடவை என் ரூம் கதவைத் திறந்து திறந்து மூடுனதா?"

"கதவு கிறீச்சுனு சத்தம் போட்டுச்சும்மா. அதான் எண்ணெய் விட்டேன்."

அவள் சிரித்தாள். மாட்டிக்கொண்ட அப்பாவும் சிரித்தார். கண் சுருங்கி, கீழ்வரிசையில் இல்லாத ஒரு பல் தெரிய, மகளைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாத சிரிப்பு. எடுத்தேன். சிரிப்பு மெல்ல இறங்கி, அவர் எச்சில் விழுங்கினார். அதையும் எடுத்தேன்.

"போதும்பா, இறக்கிடுங்க," என்றேன். கேமராவின் பின்பக்கத் திரையை முதலில் மகளிடம் காட்டினேன். அவள் கேமராவை அப்பா பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என்னை முறைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெர்மாகோல் தெரியுதேம்மா. வெட்டி எடுத்துடுங்க."

"வெட்டினா உங்க கையும் சேர்ந்து போயிடும்பா."

அவர் மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அப்ப இருக்கட்டும்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"வேற எதாவது பிடிக்கணும்னா கூப்பிடுங்க. பக்கத்துலதான் இருப்பேன்."