நாச்சியாவின் வீட்டோ

"வீட்டோ" என்று மகள் நிஹ்லா கத்தியதும் நாச்சியாவின் கையிலிருந்த அகப்பை கறிச்சட்டிக்குள் விழுந்தது.

நாச்சியாவைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு நாளாக அந்த வீட்டில் வீட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. அரிசி ஆலை ஹாதிக் ஹாஜியார் தன் இளைய மகனுக்கு நிஹ்லாவைக் கேட்டிருந்தார். பெருநாளைக்கு முன்னர் நிக்காஹ் முடிய வேண்டும். நிஹ்லாவின் உயர்தரச் சோதினை, பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை, அதற்குப் பிறகுதான் வருகிறது, ஆகவே சோதினை வேண்டாம். அத்தோடு இந்த வீட்டை மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிஹ்லாவின் வாப்பா ஜவுபர் பஜாரில் தன் துணிக்கடையில் வைத்தே இரண்டுக்கும் ஓம் சொல்லிவிட்டு, பிறகுதான் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார். நாளை மாலை பேசி முடிக்க வருகிறார்கள்.

கல்முனைப் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுப்பவர் ஒரு வீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். முன்பெல்லாம் வீடாவது பெண்ணின் பெயரில் இருந்தது. நாச்சியாவின் வாப்பாவும் இந்த வீட்டை அவள் பெயரில்தான் எழுதினார். இந்தக் காலத்து மாப்பிள்ளைமாருக்கு மனைவியின் வீட்டில் குடியிருக்கக் கூச்சமாம். வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதியதும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது.

நாச்சியாவின் தங்கை சிபானாவின் புருஷனுக்கும் இப்படித்தான் கூச்சம் போயிற்று. கொஞ்சக் காலத்தில் சிபானாவும் போக வேண்டியதாயிற்று. தலாக் சொன்னவன் அதே வீட்டில் இன்னொருத்தியோடு இருக்கிறான். சிபானா வரிப்பத்தான்சேனையில் ஒரு வாடகை அறையில் இடியப்பம் அவித்து விற்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் நாச்சியாவுக்கு வயிறு எரியும். ஆனால் ஆண்கள் கூடிப் பேசும் சபையில் பெண்களின் வயிற்றெரிச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"ஆர்ட ஊட்டப் பத்தி மகள் இப்பிடிக் கத்துறாய்?" என்றாள் நாச்சியா.

அந்த ஊர் வாயில் வீடு எப்போதும் ஊடுதான். வீடு என்பது பாடப் புத்தகத்துச் சொல். மகள் படித்த பாஷையில் தன் வீட்டைத்தான் சொல்கிறாள் என்று நாச்சியா நினைத்துவிட்டாள்.

"ஊடு இல்ல உம்மா, வீட்டோ. நாளைக்கு எங்கட ஸ்கூல்ல ஐ.நா. சபை மாதிரி ஒண்டு நடத்துறம். ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொரு நாடு. எனக்கு விழுந்த நாடு பெரிய நாடு."

அது எந்த நாடு என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாட்டு வீசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

"எல்லா நாடும் சேந்து ஒண்டச் செய்வம் எண்டு முடிவெடுத்தாலும், பெரிய நாடு அஞ்சுல ஒண்டு வீட்டோ எண்டு சொன்னாக் காணும். அதோட எல்லாம் நிண்டு போகும்."

"காரணம் சொல்லத் தேவல்லயா?"

"தேவல்ல."

"சண்டை புடிக்கணுமா?"

"இல்ல உம்மா. கைய உயத்தினாப் போதும்."

நாச்சியா அகப்பையை எடுத்துக் கழுவினாள். "அந்த அஞ்சு பேருக்கும் இந்த அதிகாரத்த ஆர் குடுத்த?"

"அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப ஆருக்கிட்டயும் கேட்டு வாங்கல்ல" என்றாள் நாச்சியா.

மறுநாள் காலை உலகம் முழுவதும் ஸ்கூல் மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய பையன்கள் பெட்டிஸ் தின்றுகொண்டே ஆபிரிக்காவின் பட்டினியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பிறகு போரில் பறிபோன வீடுகளைப் பற்றிய விவாதம் வந்தது. காரைதீவிலிருந்து வந்த சிவரூபினி ஒரு சின்னத் தீவு நாடாக எழுந்து, வீடுகள் உரியவர்களிடமே திரும்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். நாடுகளெல்லாம் கை தூக்கின. கடைசியில் நிஹ்லா எழுந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வீட்டோ" என்றாள். தீர்மானம் அந்த இடத்திலேயே செத்தது. அவள் செய்த அநியாயம் அவ்வளவு அச்சு அசலாக இருந்ததால் முதற்பரிசுக் கோப்பையும் அவளுக்கே கிடைத்தது.

கோப்பையும் பெட்டிஸும் ஹாதிக் ஹாஜியாரின் உபயம். பிரதம அதிதியும் அவர்தான். போரில் வீடிழந்தவர்களுக்கு ஆதரவாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறினார்.

"பிள்ளைகளே, ஒருவன் அடுத்தவர் வீட்டை ஒரு கையெழுத்தில் எழுதி எடுக்கிறான். வீட்டுக்காரி தன் வாசலிலேயே நின்று அழுகிறாள். உலகமே தட்டிக் கேட்கிறது. ஒரே ஒரு நாடு வீட்டோ என்கிறது, எல்லாம் நின்று போகிறது. இது என்ன நியாயம்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை. சிலருக்குத் தூரத்தில் இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும், கிட்ட இருக்கும் எழுத்துத் தெரியாது. ஹாஜியாரின் இரக்கத்துக்கும் அந்தக் கோளாறு இருந்தது.

பகலில் நிஹ்லா கோப்பையோடு வந்து அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் உம்மாவிடம் ஒப்பித்தாள். மாலையில் ஹாஜியார் அதே சால்வையோடு ஜவுபரின் வீட்டுக்கு வந்தார். கூட மச்சான்மார் இரண்டு பேரும் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரும் வந்தார்கள். ஆண்கள் முன் ஹாலில் இருந்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்றார்கள். ஐ.நா. சபையில் இப்படி நிற்பவர்களுக்குப் பார்வையாளர் என்று பெயர், வாக்கு இல்லாவிட்டாலும் அவர்கள் பேசலாம். இந்தச் சபையின் பார்வையாளர்கள் வட்டிலாப்பம் மட்டும் அனுப்பலாம்.

மார்க்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். மஹர் என்ற அந்த விடயம் தேத்தண்ணி ஆறுமுன் பேசி முடிந்தது. மார்க்கத்தில் இல்லாத விடயத்துக்குத்தான் நேரம் எடுத்தது. கிணறு, பின்வளவு, தென்னை எல்லாம் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அடங்குமா என்று மூத்த மச்சான் விசாரித்தார். எல்லாம் அடங்கும் என்று ஜவுபர் சந்தோசமாகச் சொன்னார்.

"புள்ளைக்குச் சோதின ஒண்டு இரிக்கெண்டு கேள்வி" என்றார் மரைக்கார்.

"அது கிடக்கட்டும்" என்றார் ஹாஜியார். "உறுதி மாத்தி எழுத நாளைக்கே நொத்தாரிசிட்டப் போவம். உறுதி ஆர்ட பேருல?"

"பொஞ்சாதிட பேருலதான். அது பிரச்சினை இல்ல. நான் காட்டுற இடத்துல கையெழுத்து வெப்பா." ஜவுபர் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நாச்சியா, இஞ்ச ஒருக்கா வா. வந்து நீயும் ஒரு சொல்லுச் சொல்லு."

நாச்சியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள்.

"வீட்டோ" என்றாள்.

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. மரியாதைக்காக ஊட்டை வீடாக்கிப் பேசுகிறாள் என்று நினைத்தார். "அல்ஹம்துலில்லாஹ். ஓம் தங்கச்சி, வீட்டோடதான். நாங்களும் அதத்தானே கேட்ட."

"வீட்டோட இல்ல ஹாஜியார், வீட்டோ. காலையில நீங்க மேடையில ஏசின அந்தச் சாமான்."

மரைக்கார் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன காரணமெண்டு சொல்லுங்க புள்ள. கதைச்சுத் தீப்பம்."

"காரணம் சொல்லத் தேவல்ல மரைக்கார். அதுட சட்டம் அப்பிடி." நாச்சியாவின் கை இன்னும் இறங்கவில்லை. "எண்டாலும் சொல்றன். ஊடு என்ட வாப்பா எனக்குத் தந்த. என்ட தங்கச்சி ஊட்ட எழுதிக் குடுத்துப்போட்டு வாசல்ல நிண்டு அழுத. அதப் பாக்க ஆரும் சால்வை போட்டுக்கிட்டு வரல்ல. என்ட மகள் சோதின எழுதுவாள். ஊடு எழுதப்படாது."

"ஒரு பொம்புள கைய உயத்தினா இத்தின ஆம்புளையும் எழும்பிப் போறதா?" ஹாஜியாருக்குக் குரல் ஏறியது. "இதென்ன நியாயம்?"

"காலையிலயும் நீங்க இதத்தான் கேட்ட. அதுக்கு அங்கயும் ஆரும் பதில் சொல்லல்ல" என்றாள் நாச்சியா.

ஹாஜியார் மிச்சமிருந்த வட்டிலாப்பத்தை முடித்தார், சால்வையை உதறினார், எழுந்தார். மச்சான்மாரும் பின்னால் எழுந்தார்கள். படலை சாத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஜவுபர் கத்திப் பார்க்கலாமா என்று யோசித்தார். ஆனால் அவர் இருந்த கதிரையும் நாச்சியாவின் வீட்டுக்குள்தான் இருந்தது. கடைசியில் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, நாச்சியாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"மகள், இந்த வீட்டோவ இல்லாம ஆக்குறத்துக்கு அந்தச் சபையில ஒரு வழியும் இல்லையா?"

"எம்பது வருசமா உலகமே தேடுது வாப்பா. இன்னம் கிடைக்கல்ல."

சொல்லிவிட்டு நிஹ்லா சோதினைக்குப் படிக்கப் போனாள்.