பத்துக்கு எட்டடியில் கண்ணியம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர் வைகுண்டராஜ். கம்பம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியர்.

"இணையத்துல மரியாதையா எப்படிப் பேசணும்னு ஆண்டு மலருக்கு ஒரு கதை குடுங்க ஐயா. பிள்ளைக படிச்சுத் திருந்தட்டும்."

யார் திருந்த வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் வரை எனக்கும் இல்லை.

முதல் தொடக்கம்: 'பச்சைப் பசேல் என்ற பள்ளத்தாக்கில் யுவராணி என்றொரு அடங்காத மாணவி…'

(அடித்துவிட்டேன். அவள் அடங்காதவள் இல்லை. பள்ளத்தாக்கும் இந்த வெயிலில் அவ்வளவு பச்சையாக இல்லை.)

2

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் யுவராணி, 'தமிழ் ஐயா பாடம் எடுத்தா தூக்க மாத்திரை தேவையில்ல' என்று எழுதினாள். முப்பத்தேழு பேர் சிரித்தார்கள். ஒரு நல்ல உள்ளம் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியது.

அது பள்ளியில் இணையக் கண்ணிய வாரம். வாசலில் வைக்கும் ஃபிளக்ஸுக்கு, 'இப்படி எழுதாதீர்கள்' என்று ஓர் உதாரணம் தேவைப்பட்டது. நூறு உதாரணங்களைப் பரிசீலித்து, முற்றிலும் நடுநிலையோடு—

(பொய். ஒன்றைத்தான் பரிசீலித்தேன்.)

பெயரை மறைத்தேன். பக்கத்தில் இருந்த அவள் படத்தில் முகத்தை மங்கலாக்கினேன். பெருந்தன்மையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

3

எங்கள் பக்கம் காது குத்தினாலும் கடை திறந்தாலும் ஃபிளக்ஸ் உண்டு. அதில் ஒரு முகம் தெளிவாக இல்லையென்றால் சண்டை வரும். ஃபிளக்ஸ் கடை செல்லப்பாண்டி தொழிலில் அவ்வளவு சுத்தம். யுவராணி வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படம், அவள் தம்பியின் காதணி விழாவுக்கு அவர் அடித்த ஃபிளக்ஸிலிருந்து வெட்டியது. ஓரத்தில் தான் போட்ட மயிலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மூஞ்சி கலங்கலா இருந்துச்சு ஐயா. நம்ம கம்ப்யூட்டர்ல நல்ல போட்டோ கெடந்துச்சு, மாத்தி வச்சுட்டேன். பேரும் விட்டுப்போயிருந்துச்சு, சேத்துட்டேன்."

பத்துக்கு எட்டடி. பட்டுப் பாவாடையில் கைகூப்பி எல்லோரையும் வரவேற்கிறாள் யுவராணி. கீழே அவள் வாசகம். அதற்கும் கீழே, 'பிறர் மனம் புண்படப் பதிவிடாதீர்.' அது என் வாசகம்.

காலையில் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. மாலையில்தான் கழற்றினோம். அதற்குள் படம் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போய்விட்டது.*

(* அதை அனுப்பியவர்களில் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதைக் கதையின் நலன் கருதித் தவிர்க்கிறேன்.)

4

நாலு நாளாக அவள் வரவில்லை. பொதுத்தேர்வுக்கு இன்னும் இருபது நாள். இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாளாம். அவள் அம்மா ராமுத்தாய், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எம்பிள்ள எழுதுனது தப்புத்தான் ஐயா. அத நாப்பது பிள்ளைக படிச்சிருக்கும். நீங்க எழுதுனத பஸ்ஸ நிப்பாட்டிப் படிச்சாக."

தலைமையாசிரியர் யுவராணியிடமிருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டார். ராமுத்தாய் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

5

முடிவு (அ): யுவராணி திருந்தி வருகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது தலைமையாசிரியருக்குப் பிடித்தது.

முடிவு (ஆ): காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். யாரோ அதைப் படம் பிடிக்கிறார்கள். ஊரெல்லாம் நான் நல்லவனாகிறேன். இது எனக்குப் பிடித்தது.

இரண்டையும் அடித்துவிட்டேன். யுவராணி என்பது மாற்றிய பெயர். அதாவது மறுபடியும் பெயரை மறைத்து, முகத்தை மங்கலாக்கி, அவளைக் கேட்காமலேயே வாசலில் மாட்டப் பார்க்கிறேன். ஆண்டு மலர் அச்சாவதும் செல்லப்பாண்டியிடம்தான்.

ஆகவே நாளைக் காலை இந்தத் தாள்களோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படிக்கக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிடுவேன்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று அவள் சரி என்றிருக்க வேண்டும். அல்லது நான் போகவே இல்லை. எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் படித்தீர்கள்.