இருட்டில் மின்னியவை

“என் மூக்கு நுனியே எனக்குத் தெரியலடி.”

“தெரியாம இருக்கறதே நல்லது. குளிர்ல தக்காளி மாதிரி சிவந்து கெடக்கு.”

“உன்னோடது மட்டும் ராணி மூக்கா? உங்க வீட்டு வெங்காய சூப் இங்க வரைக்கும் மணக்குது.”

இருட்டுக்குள் போல்டியும் ரெஸியும் சிரித்தார்கள். வியன்னாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் திரையில் மின்னும் பொட்டுகளை எண்ணுவது இருவருக்கும் வேலை. தொடங்குமுன் கண் பழகும்வரை கும்மிருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கி வழியே ஒரு சிறு திரையைப் பார்க்க வேண்டும். ரேடியத்திலிருந்து பாயும் துகள் ஓர் அணுவின் கருவை மோதி உடைத்தால், உள்ளேயிருந்து ஒரு புரோட்டான் தெறித்து வந்து திரையில் படும். ஒரு பொட்டு வெளிச்சம் மின்னி அணையும். உடனே விசையைத் தட்ட வேண்டும்; ஒவ்வொரு தட்டும் ஒரு காகிதச் சுருளில் பதியும். கருவுக்குள் புரோட்டானோடு வேறென்ன இருக்கிறதென்று அன்று யாருக்கும் தெரியாது. நியூட்ரானை இன்னும் எவரும் கண்டிருக்கவில்லை.

கார்பனின் கருவும் உடைகிறது என்று டாக்டர் ரிங்ஹோஃபர் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் நம்பவில்லை. அங்கே பார்த்தவர்களுக்கு ஒன்றும் மின்னவில்லையாம். டாக்டருக்கு இருந்த சாட்சி போல்டியின் கண்கள்தான். ‘இந்தக் கட்டடத்திலேயே கூர்மையான கண்கள்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதையே நினைத்துக்கொண்டு அவள் டிராமில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுண்டு.

வழக்கமாக அவர் இருட்டுக்குள் வந்து, “இன்னிக்கு கார்பன், ஃப்ராய்லைன்” என்று மெல்லச் சொல்வார்; மணமாகாத பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல் அது. பிறகு திரை மின்னும்.

இன்று அவர் வரவில்லை. நேரில் சோதித்துப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்திருந்த விஞ்ஞானி தார்ன்லி அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கருவியருகே உட்கார்ந்தார். எதையோ மாற்றி மாற்றி வைத்தார். வாய் திறக்கவில்லை.

“என்ன வச்சிருக்காருன்னு சொல்ல மாட்டேங்கிறாரே,” என்று ரெஸி கிசுகிசுத்தாள்.

“உனக்கென்ன, மின்னுனா தட்டு.”

அப்படிச் சொன்ன போல்டிக்கே விரல் தயங்கியது. மின்னியது திரையா, தன் கண்ணா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் தட்டினாள்.

விளக்கு எரிந்ததும் தார்ன்லி காகிதச் சுருளை வெகுநேரம் பார்த்தார்.

“கார்பன் வச்சப்பவும் ஒண்ணுமே வைக்காதப்பவும் இவங்க ஒரே அளவுதான் தட்டியிருக்காங்க,” என்று வாசலில் நின்ற டாக்டரிடம் சொன்னார். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் போல்டிக்குத் தாங்க முடியவில்லை. தார்ன்லி காபி குடிக்கக் கீழே இறங்கினார். ரெஸி கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியே போனாள்.

டாக்டர் உள்ளே வந்து, சுத்தமாக இருந்த நுண்ணோக்கியின் கண்ணாடிவில்லையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நான் பொய் தட்டல, ஹெர் டாக்டர். நீங்க கார்பன்னு சொன்னப்பல்லாம் எனக்கு நிஜமாவே மின்னிச்சு.”

“தெரியும்.”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா?”

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடமும் அவரது ஆசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று அவளுக்கு அழுகை முட்டியது. தார்ன்லி ஊருக்குப் போய் எழுதிவிட்டால் டாக்டரின் உழைப்பெல்லாம் வீண். பழி அவள்மேல் விழுந்தால், இனி யாரும் அவளை அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள்.

டாக்டர் கைக்குட்டையை மடித்தார். எப்போதும் சொல்லும் ‘ஃப்ராய்லைன்’ இந்த முறை வரவில்லை.

“அவர் இன்னும் கீழதான் இருக்காரு, போல்டி. இன்னிக்கு உங்க கண்ணு சரியில்லன்னு போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”