மஞ்சள் தீர்ந்துபோன வகுப்பு

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நிறங்களைத் தனியாகவும் ‘நமக்கு உதவுபவர்கள்’ பாடத்தைத் தனியாகவும் நடத்த எனக்கு நேரம் கிடையாது. நான் ஒருத்தி, வாண்டுகள் இருபத்திரண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே நடத்திவிடுவேன். போலீஸ் காக்கி, நர்ஸ் வெள்ளை, தபால் பெட்டி சிவப்பு. பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் நானாகவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: அப்பாவின் தொப்பி. ஹெல்மெட்டைப் பிள்ளைகள் தொப்பி என்றுதான் சொல்லும்.

இங்கே பைக்கில் போகிறவர்கள்கூடக் கம்பெனி ஹெல்மெட்டைத்தான் மாட்டிக்கொண்டு போவார்கள். எந்த நிறத்துக்கு யார் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இன்ஜினியருக்கும் வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கும் வெள்ளை. எலக்ட்ரீஷியனுக்கு நீலம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். என் வகுப்பில் இருபது அப்பாக்கள் மஞ்சள். எந்தக் கிரேயான் டப்பாவைத் திறந்தாலும் முதலில் தீர்ந்திருப்பது அதுதான்.

பெற்றோர் தினத்துக்காகச் சுவரில் ஒட்டுவதற்கு அப்பா படம் வரையச் சொன்ன அன்றும் தீர்ந்துவிட்டது. ஒன்று அழ ஆரம்பித்தால் போதாதா, வரிசையாக அழுதார்கள். “அழாதீங்க. அப்பா தொப்பி வெள்ளை, அப்படியே விட்டுடுங்க” என்றேன். காகிதமே வெள்ளைதானே. சொன்ன பிறகு எனக்கே அது பிடித்துப்போயிற்று. என் அப்பாவும் இருபது வருஷம் மஞ்சள் போட்டு, கான்ட்ராக்டிலேயே ஓய்ந்தவர். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் சுவரிலாவது ஆபீசராக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு வீம்பு. அதோடு நிறுத்தினேனா? “அப்பா தொப்பி?” என்று நான் கேட்க, “வெள்ளை!” என்று அத்தனை பேரும் கத்த, இரண்டு வாரம் பழக்கினேன். “இல்ல மிஸ், மஞ்ச” என்று அடம் பிடித்தவள் சோனியா ஒருத்திதான். அவளை மட்டும் நாலு தடவை எழுப்பி நிறுத்தித் திருத்தினேன்.

விழாவுக்கு வந்த அவள் அப்பா பாக்கியராஜ் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னா மிஸ், எனக்கு புரமோஷன் குட்த்துக்கீறீங்க!”

பன்னிரண்டாம் நாள், இரும்புக் கம்பெனியில் கிரேனிலிருந்து கம்பிக் கட்டு அறுந்து விழுந்து பாக்கியராஜ் இறந்துபோனார். அன்று காலை சோனியாவை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் பைக்கைக் கிளப்பினார்.

கான்ட்ராக்டர் ஆதிகேசவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பாக்கியராஜ் தன் ஆளே இல்லையாம். யாரையோ பார்க்க வந்தவராம். வெளியாட்களுக்குக் கொடுக்கிற வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாராம். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பின்பக்க கேட் வழியாக ஆள் விடுகிறவரிடம் பதிவு எங்கிருந்து வரும்? கூட வேலை செய்தவர்களும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது.

‘வேலை செய்யும்போது இறந்தார்’ என்று விசாரணை அதிகாரி ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் நஷ்டஈடு கிடைக்கும், பாக்கியராஜின் மனைவி சின்னப்பொண்ணு எப்படியோ பிள்ளையை வளர்த்துவிடுவாள். எழுதாவிட்டால் கதியில்லை. அவள் என்னைத் தேடி வந்தாள். “நீங்க தெனம் பாத்துக்கினு இருந்தீங்கல்ல மிஸ்? வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

போனேன். டீச்சர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கம்பெனி ஆபீஸ் அறையில் விசாரணை. ஆதிகேசவன் எதிரே உட்கார்ந்திருந்தார். “அன்னிக்குக் காலையில பார்த்தேன் சார். மஞ்சள் ஹெல்மெட்தான்” என்றேன். அதிகாரி எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடியதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சின்னப்பொண்ணுக்கும் தைரியம் வந்துவிட்டது. சோனியாவை முன்னால் தள்ளி நிறுத்தினாள். “எம் பொண்ணையும் கேளுங்க சார். கொயந்த பொய் சொல்லாது.”

தடுத்திருக்க வேண்டும். அதற்குள் அதிகாரி அவள் பக்கம் குனிந்துவிட்டார்.

“பாப்பா, அப்பா தொப்பி என்ன கலர்?”

சோனியா என்னைப் பார்த்தாள். நான் பழக்கியபடியே கையைக் கட்டி நிமிர்ந்து நின்றாள். “வெள்ளை!”

“அடியே, இன்னாடி சொல்ற? மஞ்சடி!” சின்னப்பொண்ணு அவளைப் பிடித்து உலுக்கினாள்.

“இல்லம்மா, வெள்ளை.”

“சார், அது நான் கத்துக்குடுத்தது” என்று பதறி எழுந்தேன். கிரேயான் தீர்ந்தது, சுவரில் ஒட்டியது, இரண்டு வாரம் கத்த வைத்தது, ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி பொறுமையாகவே கேட்டார்.

“நீங்க கத்துக்குடுக்கிறதைத்தான் குழந்தை சொல்லும். இல்லையா?”

“ஆமா சார்.”

“மஞ்சளை வெள்ளைன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப மஞ்சள்னு சொல்றதும் நீங்கதான்.” எழுதியதை ஒரு கோட்டால் அடித்தார். “பாவம் பார்த்து வந்திருக்கீங்க, எனக்குப் புரியுது. ஆனா இதைச் சாட்சின்னு எழுத முடியாதும்மா.”

கெட்ட மனிதராக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை. சொந்தக் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் இன்னொருத்தி குடும்பத்துக்கு வைத்தேன்.

சின்னப்பொண்ணு கேட்டுக்கு வெளியே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. “நீங்க இன்னா மிஸ் பண்ணுவீங்க” என்றாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

சோனியா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “மிஸ், நான் கரெக்டா சொன்னேனா?”

தப்பு என்று சொன்னால், வளர்ந்தபிறகு ஒருநாள் அதற்கு அர்த்தம் புரிந்து உடைந்துபோவாள். “கரெக்டா சொன்னேடா கண்ணு” என்றேன்.

அவள் அம்மாவிடம் ஓடினாள். “ம்மா, நான் கரெக்டா சொல்ட்டேனாம். வா, அப்பாவ இட்டுக்கினு ஊட்டுக்குப் போலாம்.”