பாதுகாவலர் கையெழுத்து

விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"சந்தைக்குப் போய் காய் பொறுக்கற மாதிரி, கடல் தாண்டிப் பிள்ளை பொறுக்கப் போறோம்."

தம்பி பெண்டாட்டி முன் சீட்டில் செருகியிருந்த அட்டையை எடுத்துப் புரட்டினாள். பத்து நாள் இந்த வாயோடு ஒரே அறையில் படுத்து எழுந்தாக வேண்டும். முதல் நாளே தொடங்கினால் தாங்காது.

அவளுக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. மெழுகை உருக்கி ஈறு வார்த்து, பல் பல்லாகப் பதித்துப் பொறுமை பழகிய கை. நாத்தனார் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. புருஷனுக்கு ஒரே அக்கா. இவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தையில்லாமல், மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வெளிநாட்டு அனாதை இல்லம் ஒன்றில் எட்டு மாதப் பெண் குழந்தை கிடைக்கும் என்று தகவல் வந்தது. டிக்கெட் போட்ட மறுவாரம் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் வராததற்கு ஒரு அதிகாரப் பத்திரம் போதும் என்றார்கள். ஆனால் பெற்றோருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை நான் வளர்ப்பேன் என்று குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டம். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவன் அக்காவைக் கெஞ்சினான். தம்பி கெஞ்சினால் நாத்தனாருக்கு மறுக்க வராது.

பகை பழையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் தன் இரண்டாவது பெண்ணையே தம்பிக்குத் தத்துக் கொடுக்க முன்வந்தாள். பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு மாதம் கொண்டுவந்து விட்டாள். தினம் இரண்டு வேளை வந்து, என்ன சாப்பிட்டது, ஏன் தலை வாரவில்லை என்று விசாரணை. மாத முடிவில் இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நாத்தனார் இவளை நேராகப் பார்த்துச் சிரித்தது கிடையாது.

இறங்கிய ஊரில் ஓயாத தூறல். விடுதி அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு சாண் இடைவெளி. குழந்தைக்கு என்று அவள் வாங்கி வந்திருந்த சட்டைகளை நாத்தனார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"யார் பெத்ததோ. எப்படி வளருமோ. என்னோடதை வேண்டாம்னு சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு."

"உங்க பொண்ணு என் வீட்டுல இருந்தாலும் உங்க பொண்ணாத்தான் இருந்திருப்பா, அண்ணி. நான் ஹாஸ்டல் வார்டனா இருந்திருப்பேன்."

"நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது."

மூன்றாம் நாள் இல்லத்தில் குழந்தையைக் காட்டினார்கள். கீழ் ஈறில் அரிசி அரிசியாக இரண்டு பல். அவள் தொழில் புத்தியில் அதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் கண் கலங்கியது. நாத்தனார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தாள்.

ஐந்தாம் நாள் அதிகாரியின் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க, அந்த நாட்டுக்கு வாக்கப்பட்டுப் போன நம் மொழிக்காரப் பெண். அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து இவள் பக்கம் திருப்பினாள்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி தபால்ல வந்ததாம். பேர் இல்லை," என்றாள் மொழிபெயர்ப்பாளர். "இந்தப் பெண் குழந்தைகளை அடிக்கிறவள், இவளிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள், நலம் விரும்பி அப்படின்னு இருக்கு."

மொட்டைக் கடுதாசி. பேர் எதற்கு? அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் அந்த எழுத்தைப் பதினோரு வருஷமாக வாழ்த்து அட்டைகளில் பார்த்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் நாத்தனார் அசையாமல் இருந்தாள்.

"குடும்பத்துச் சாட்சி இதை மறுத்து எழுதிக் கொடுத்தா மேல நடக்கும். இல்லைன்னா கோப்பை மூடிடுவாங்க. மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பத்து நிமிஷம் பேசிட்டு வாங்கன்னு சொல்றாங்க."

தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமா. பதிலே இல்லாததால தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்."

"தொலைஞ்சதுன்னு நினைச்சுத்தான் கூட வந்தீங்களா?"

"தம்பி கேட்டான், வந்தேன். அடிச்சியா இல்லையா? என் பொண்ணு கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சே."

காலில் விழுந்தால் இந்த அம்மாள் இறங்கி வருவாள் என்று அவளுக்குத் தெரியும். விழத் தோன்றவில்லை.

"அடிச்சேன். நானே உள்ள போய்ச் சொல்றேன். உங்க தயவு எனக்கு வேண்டாம்."

சொன்னபடியே செய்தாள். அதிகாரியிடம், ஒரு தடவை, ஏழு வயதுப் பெண்ணை, கன்னத்தில் அறைந்தேன் என்றாள். காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நாத்தனார் நினைத்துவிடக் கூடாது என்ற வீம்பில் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி நாத்தனாரைப் பார்த்தாள். "எதுக்காக அறைஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

நாத்தனார் கைப்பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள். பேர் போடாமல் எழுதுவது ஒன்று. நாற்காலி போட்டு உட்காரவைத்து முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது சொல்வது வேறு. முப்பது வருஷமாக அவளே பிள்ளைகளை எதிரே நிற்கவைத்து அப்படிக் கேட்டவள்.

"இவகூட லேபுக்குப் போனப்ப, கேஸ் குழாயைத் திறந்துவிட்டுட்டு என் பொண்ணு தீப்பெட்டியைக் கையில எடுத்தா," என்றாள் கடைசியில். "நானா இருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன்."

"கடிதத்துல அது இல்லையே?"

"இல்லை. எழுதினவங்க விட்டுட்டாங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் எழுதியது என்று கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பாதுகாவலர் படிவத்தையும் தள்ளினாள். நாத்தனார் இரண்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும், "உனக்காகப் போடலை. என் தம்பிக்காக," என்றாள்.

"நான் நன்றி சொல்லலையே."

திரும்பும் விமானத்தில் குழந்தை பாதி வழி அழுதது. அவளுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. நாத்தனார் கையை நீட்டினாள். "குடு, பிடிச்சுக்கறேன்." அவள் கொடுக்காமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே, திரும்பக்கூட இடமில்லாத அந்தக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்தபோது நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

விமான நிலையத்தில் புருஷன் ஊன்றுகோலோடு நின்றான். குழந்தையை அவன் நெஞ்சில் சாய்த்த கையோடு, "உங்க அக்கா எழுதின மொட்டைக் கடுதாசியை அங்க படிச்சுக் காட்டினாங்க," என்றாள். அவன் அக்காவைப் பார்த்தான்.

"எழுதினேன்," என்றாள் நாத்தனார். "எனக்கு வேற டாக்சி பார்த்துக்கறேன்."

அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை. தம்பி மட்டும் மாதம் ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போய், வாய் திறவாமல் சாப்பிட்டுவிட்டு வருவான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தை எப்படி இருக்கிறது என்று அந்த நாட்டுக்குப் போட்டோவோடு அறிக்கை போக வேண்டும். பாதுகாவலர் கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் படிவத்தையும் குழந்தையின் இரண்டு போட்டோக்களையும் உறையில் போட்டு நாத்தனார் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினாள். நாலாம் நாள் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. ஒரு வரி விசாரிப்பு இல்லை. போட்டோவில் ஒன்று குறைந்தது.

"அக்கா எடுத்து வச்சிருப்பா. போகட்டும் விடு," என்றான் புருஷன்.

அவள் கடைக்குப் போய் இன்னொரு பிரதி போட்டு அறிக்கையை அனுப்பினாள். அடுத்த ஆறு மாதத்தில் நாத்தனாருக்குப் படிவத்தை மட்டும் உறையில் போட்டு ஒட்டினாள்.