மூன்றாம் லைன் தண்ணீர் குடித்தது

2002 ஜூலை 8, திங்கட்கிழமை. பெங்களூரு ஆடுகோடியில் இருந்த அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், கழிப்பறைக்குப் போக ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, ஒரு டோக்கன்தான் இருந்தது.

விடியுமுன் குழாயடியில் குடம் சுமந்து, சோறு வடித்துவிட்டுக் கிளம்பும் அம்புஜம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். காலர் தைக்கும் மூன்றாம் லைனில் யாருமே குடிப்பதில்லை. ஒருத்தி டோக்கனோடு போனால், அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். பஞ்சுத்தூசி தொண்டையில் ஒட்டும். இஸ்திரி மேஜையின் ஆவி முகத்தில் அடிக்கும். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று அம்புஜத்திடம் டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று முதலாளி சீனிவாசராகவன் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். வேலை சம்பளம் மட்டுமல்ல. அது குடும்பம், கௌரவம், வளர்ச்சி. சட்டை வாங்கும் வெள்ளைக்காரர்கள் அடுத்த வாரம் பார்வையிட வருவதால் இந்த ஞானம் அவருக்கு வந்திருந்தது.

"நீ சொல்லும்மா, இந்த வேலை உனக்கு என்ன குடுத்திருக்கு?"

"நீர்க்கடுப்பு சார்," என்றாள் அம்புஜம்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சும்னிரு அம்புஜா!" என்று கன்னடத்தில் வாயடக்கப் பாய்ந்தார் சூப்பர்வைசர் கோவிந்தப்பா.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் சபையில பேசற விஷயமா? உங்களையெல்லாம் என் பொண்ணுங்க மாதிரி நெனைக்கறேன்."

"உங்க பொண்ணும் டோக்கன் வாங்கிட்டுத்தான் போவுதா சார்?" என்றாள் பக்கத்து மெஷின் தனக்கோடி.

"டிசிப்ளின் பிடிக்கலேன்னா நின்னுடுங்கோ. வெளியில ஆயிரம் பேர் காத்திண்டிருக்கா," என்றார் முதலாளி.

கௌரவம், குடும்பம் எல்லாம் அத்தோடு முடிந்தது.

சாப்பாட்டு வேளையில் தனக்கோடி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடி."

"டோக்கன் ஒண்ணுதானேக்கா?"

"நீ குடிடி. நாங்களும் குடிக்கிறோம்."

மூன்றாம் லைன் முழுவதும் வயிறு முட்டக் குடித்தது.

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் அம்புஜம் எழுந்தாள். டோக்கனைத் தொடாமல் நடந்தாள். அவள் பின்னால் லைன் மொத்தமும் எழுந்தது.

"ஏய், எல்லாரும் எல்லிகம்மா?" என்று கத்தினார் கோவிந்தப்பா.

"எங்கன்னு தெரியாதா? நீயும் வர்றியா, அண்ணா?" என்றாள் தனக்கோடி.

காலர் வராமல் மற்ற லைன்களும் நின்றன.

மறுநாள் காலை அம்புஜத்தை மட்டும் வாட்ச்மேன் வாசலில் தடுத்தார். மூன்றாம் லைன் உள்ளே போகவில்லை. சற்று நேரத்தில் மற்ற லைன்களும் வெளியே வந்தன.