குப்பத்து மூட்டை

சும்மா கிடைக்கிற எதையும் சகாயமேரி நம்பமாட்டாள். ஒரு சேலை எடுத்தால் இன்னொன்று இலவசம் என்று கடைக்காரன் சொன்னால், முதல் சேலையில் எங்கே கிழிசல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள். ஆபீசில் கணக்கு பார்க்கிற அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் மரக்காணத்து உப்பு கம்பெனி முதலாளி அருள்மொழி இந்த வேலையைக் கொடுத்தார்.

உப்பளத்து எடைமேடையில் ஒரு கணக்கு, கிடங்கில் ஒரு கணக்கு, ஆபீசில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு. மூன்றும் சம்பந்திச் சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு சாப்ட்வேர் வேண்டும். வந்ததோ இரண்டு.

"ரெண்டையும் ஓட்டிப் பாரு மேரி. நீ எதைச் சொல்றியோ அதைப் போட்டுடலாம்" என்றார் முதலாளி.

சென்னையிலிருந்து கௌதமன் கொண்டுவந்ததற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஆனால் எல்லாம் தயாராக இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் மூன்று கணக்கும் வந்து வரிசையில் உட்கார்ந்தன. மக்கர் பண்ணினால் கூப்பிட ஒரு போன் நம்பரும் உண்டு. பக்கத்துப் பெருமுக்கல் ஊர்க்காரன் தமிழ்வேந்தன், பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், கொண்டுவந்தது ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸே கிடையாது, அமைத்துத் தருகிற கூலி மட்டும்தான்.

"சும்மா குடுக்கறாங்களா? யாருப்பா அந்த மகராசன்?"

"ஒருத்தர் இல்லக்கா, நெறைய பேரு சேர்ந்து எழுதுனது. உள்ள என்ன நடக்குதுன்னு நீங்களே தொறந்து பாக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நின்னு போச்சுன்னா போன் பண்ண ஆளு கெடையாது. நீங்களோ நானோதான் பாக்கணும்."

நல்லா இருக்குதே நியாயம் என்று உதட்டைச் சுழித்தாள். இவனுக்கு இதில் ஏதோ இருக்கிறது, இல்லாமலா வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு வருவான்?

இரண்டையும் ஓட்டினார்கள். காசு சாப்ட்வேரில் எல்லாம் பச்சை. கணக்கு நேர். இலவச சாப்ட்வேரில் பாதி சிவப்பு. மீனவர் குப்பத்து வழியாக வந்த ஒவ்வொரு லாரியிலும், எடைமேடையில் ஏறியதைவிட கிடங்கில் இறங்கியது ஒரு மூட்டை குறைவு.

சகாயமேரி சிவப்பு வரிகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன் அந்தோணிசாமி, அவள் கூடப்பிறந்த தம்பி. வேலை வெட்டி இல்லாமல் திரிந்தவனுக்கு அவள்தான் முதலாளியிடம் கெஞ்சி, தன் பேரை அடகு வைத்து, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். கிடங்கில் கை வைத்தவனை முதலாளி வாசலில்கூட நிற்கவிட மாட்டார். சிபாரிசு செய்தவளை மட்டும் உட்காரவைத்து மாலையா போடுவார்?

"டேய், யாரு சொல்லி இப்படிச் செவப்பு அடிச்ச? என் தம்பி மேல யாருக்குடா காண்டு?"

தமிழ்வேந்தன் கோபப்படவில்லை. உள்ளே திறந்து, சேர்க்கிற விதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒளிக்க ஒன்றும் இல்லை. எரிச்சலோடு கௌதமனுக்குப் போன் போட்டாள்.

"அதுவா மேடம்? சின்ன வித்தியாசம்னா ஈரம் காஞ்சதுன்னு எங்க சாப்ட்வேர் எடுத்துக்கும். உப்பு எடை குறையும்ல? வேணாம்னா எங்க ஆபீசுக்கு ஒரு புகார் டிக்கெட் போடுங்க, மாத்திக் குடுத்துடறோம்."

ஆக, மூட்டை நிஜமாகவே குறைகிறது. பச்சை அதை முழுங்கிவிட்டது.

நேரே கிடங்குக்குப் போனாள். அந்தோணிசாமி சிரித்தான். "குப்பத்து மூட்டைக்கா அது! மறந்துட்டியா?"

அட மாதாவே! எப்படி மறந்தாள்? குப்பத்து வழியில் லாரி போகிறது என்பதால், கருவாடு போடுகிற பெண்களுக்கு லாரிக்கு ஒரு மூட்டை இறக்கிவிடுவது கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். அருள்மொழியின் அப்பா, பெரிய முதலாளி, வாயால் சொன்னது. வாயால் சொன்னதை எவன் கம்ப்யூட்டரில் ஏற்றினான்? வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. தம்பியைச் சந்தேகப்பட்டதற்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அந்தக் கருவாட்டுப் பெண்களில் மூத்தவளான குப்பத்து மங்கம்மா வந்து முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கையோடு கூட்டிவரப் போனாள். மங்கம்மா மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூட்டை ஒழுங்கா எறங்குதாக்கா?"

"எறங்குதே."

"அதை மொதலாளிகிட்ட வந்து சொல்லணுமே."

"வர்றேன், நானே வரணும்னுதான் இருந்தேன்." மங்கம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அத்தினி வருசம் சும்மா குடுத்த மூட்டைக்கு இப்ப ஏம்மா காசு கேக்கறீங்க? கம்பெனி ரூல் மாறிடுச்சுன்னு உன் தம்பி மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போறானே."

பாவி! சகாயமேரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவனையெல்லாம் சந்தேகப்பட்டவள், கூடப்பிறந்தவனை மட்டும் ஒரு சிரிப்புக்கு நம்பிவிட்டாளே.

"வா" என்று மட்டும் சொன்னாள்.

மங்கம்மாவை வராந்தாவில் நிறுத்திவிட்டு ஆபீசுக்குள் நுழைந்தபோது, முதலாளி பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தோணிசாமி.

"இது பளிச்சுனு இருக்குதே மேரி. இதையே வாங்கிடலாமா?"

"அதாங்க நல்லது" என்றான் அந்தோணிசாமி. "சும்மா வர்றதை நம்பக் கூடாதுன்னு அக்காவே சொல்லும்."

அவள் ஒரு தலையாட்டல் ஆட்டினால் போதும். சிவப்பு போய்விடும், தம்பி வேலையும் நிலைக்கும், அவள் பேரும் நிலைக்கும். அவன் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது. சின்ன வயசில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பார்ப்பான். அவளுக்கு அழுகை வந்தது.

"வேணாங்க. சும்மா வந்ததையே போடுங்க."

முதலாளி நிமிர்ந்தார். "நீயா சொல்ற?"

"நான்தாங்க சொல்றேன்." தம்பி பக்கம் திரும்பினாள். "வெளிய மங்கம்மாக்கா நிக்கறாங்க. குப்பத்து மூட்டைக்குக் கட்டுன காசுக்கு ரசீது கேக்கறாங்க. போய்க் குடுடா."